காருக்கு செரமிக் கோட்டிங் அடிக்கலாமா, சேர்?



கடந்த இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளி முன்றலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார். ஆசிரியர் அறையில் ஒருவர், பசறை பஸ்ஸில் ஒருவர். நான்காவது ஆள் என்னுடைய பழைய மாணவன். முதல் மூன்று பேருக்கும் வாய்ப்பேச்சிலேயே பதில் சொல்லிவிட்டேன். நான்காமவனுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. காரணம், அவன் கையில் இருந்தது அவனுடைய அம்மாவின் ஈபிஎஃப் காசு.

அந்த அம்மா நம்முடைய தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பெண்கள் 50 வயதில் ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காசின் ஒரு பகுதியை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, மகன் ஒரு கறுப்பு வேகன் ஆர் எடுத்திருக்கிறான். 2017ஆம் வருட வாகனம். மடுல்சீமையில் இருந்து பதுளைக்கு ஹயர் ஓடுவதும், சின்ன உலக முடிவு பார்க்க வருகிறவர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போவதும்தான் அவனுடைய திட்டம். கையில் சொச்சமாக ஒரு தொகை மிஞ்சியிருந்தது. பெயின்ட் கழுவிப் பொலிஷ் பண்ணி செரமிக் கோட்டிங் அடிக்க ஒரு இடத்தில் 85,000 ரூபா கேட்டிருக்கிறார்கள். "அடிச்சா அஞ்சு வருஷத்துக்குப் பெயின்ட்டப் பத்தி யோசிக்கவே தேவல்லன்னு சொல்றாங்க சேர்" என்றான்.

85,000 ரூபா எவ்வளவு பெரிய தொகை? 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 63 நாள் மலையில் நிற்க வேண்டும். இதைச் சொல்லி அவனை வெட்கப்படுத்த நான் நினைக்கவில்லை. காசு அவனுடையது, அவனுடைய அம்மாவுடையது. ஆனால் 63 நாள் உழைப்பைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கும்போது அது என்ன பொருள், என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையும், பதுளையில் டிங்கரிங், பெயின்ட் வேலை செய்யும் என் மச்சானுடைய அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன். நம் ஊரில் வாகனம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும்.

முதலில், இப்போது எல்லோரும் ஏன் இதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று பார்ப்போம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களைக் கொண்டுவர மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. பழைய காருக்கு வாங்கியதைவிடக் கூடிய விலை கிடைத்த காலம் அது. கார் என்பது ஏறிப் போகும் சாமான் என்ற நிலை மாறி, நகை மாதிரி, காணி மாதிரி, பாதுகாத்து வைக்கும் சொத்தாகிவிட்டது. சொத்து என்றால் அதை மினுக்கி வைக்கத் தோன்றும். அந்த எண்ணத்தில் பிழை இல்லை. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் காரை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

செரமிக் கோட்டிங் என்ற பெயரைக் கேட்டால் பீங்கான் கோப்பை ஞாபகம் வரும். காரின் மேல் பீங்கான் ஓடு மாதிரி ஒரு கவசம் ஏறப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறிய போத்தலில் வரும் ஒரு திரவம். சிலிக்கன் சேர்ந்த இரசாயனம், அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், இவ்வளவுதான். துணியில் தொட்டு பெயின்ட்டின் மேல் பூசும்போது கரைப்பான் ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றில் உள்ள ஈரப்பதனோடு சேர்ந்து இறுகி, கண்ணாடி போன்ற மெல்லிய படையாகப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெக்ஸ் போல நாலு மழையில் கழுவுப்பட்டுப் போகாது. அது உண்மை.

ஆனால் எவ்வளவு மெல்லியது? இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது போலச் சொல்கிறேன். ஒரு ஏ4 தாளை எடுங்கள். அதன் தடிப்பு சுமார் 100 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. உங்கள் காரின் இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப் பூச்சு, அதற்கு மேலே பளபளக்கும் க்ளியர் கோட், இவை எல்லாம் சேர்ந்தும் கிட்டத்தட்ட ஒன்று, ஒன்றரைத் தாள் தடிப்புத்தான். க்ளியர் கோட் மட்டும் அரைத் தாள் அளவு. செரமிக் கோட்டிங் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோன், சிலவேளை அதற்கும் குறைவு. தாளை நூறு படையாக உரிக்க முடிந்தால் அதில் ஒரு படை. தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்று சொன்னால் இன்னும் விளங்கும்.

இப்போது நீங்களே யோசியுங்கள். முன்னால் போகும் லொறியின் டயரில் இருந்து தெறித்து வரும் கல்லை அந்தப் படை தடுக்குமா? தடுக்காது. கல்லடியைத் தாங்குவதற்கு என்று வேறொரு சாமான் இருக்கிறது. பிபிஎஃப் என்பார்கள். ஒட்டும் பிளாஸ்டிக் படலம். அது 150 முதல் 200 மைக்ரோன் வரை தடிப்பானது. விலையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"9 எச் கடினம்னு போத்தல்லயே போட்டிருக்கே சேர்?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த 9 எச் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பென்சிலில் இருந்து. நம் பிள்ளைகள் எழுதும் பென்சிலில் எச்பி என்று இருக்கும். வரைதலுக்கு 2பி, 4பி வாங்குவோம். அதே வரிசையில் மறுபக்கம் 2 எச், 4 எச் என்று கடினம் கூடிக்கொண்டே போய் 9 எச்சில் முடியும். பூச்சின் மேல் பென்சிலைச் சாய்த்து வைத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் கீறவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் அளவு. ஆக, 9 எச் என்றால் அந்த வரிசையில் ஆகக் கடினமான பென்சிலாலும் கீற முடியவில்லை என்று அர்த்தம். வைரத்தோடும் கல்லோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. நம்முடைய பாதைத் தூசியில் இருப்பதோ குவார்ட்ஸ் எனும் வெண்கல்லின் துகள். அது கண்ணாடியையே கீறும். காய்ந்த சேற்றோடு காரைத் துடைத்தால் செரமிக் அடித்த காரும் கீறுப்படும், அடிக்காத காரும் கீறுப்படும்.

அப்படியானால் செரமிக்கில் பிரயோசனமே இல்லையா? இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தண்ணீர் அதில் நிற்காது. சேப்பங்கிழங்கு இலையில் மழைத்துளி உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது போலத் துளி துளியாகி வழிந்து போகும். அதனால் சேறும் தூசியும் இறுகப் பிடிப்பது குறையும், கழுவுவது சுலபமாகும். இரண்டாவது, பறவை எச்சம், பைன் மரப் பிசின் போன்றவை பெயின்ட்டைத் தின்னத் தொடங்குவதற்கு முன் துடைத்தெடுக்க உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கொஞ்சம் அவகாசம்தான். ஒரு கிழமை அப்படியே விட்டால் செரமிக்கின் மேலும் தழும்பு விழும். மூன்றாவது, கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்களில் ஆழமான ஒரு பளபளப்புத் தெரியும்.

ஆனால் அந்தப் பளபளப்பைப் பற்றி ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். மச்சான் சொன்னது: "கோட்டிங் அடிச்ச கார் மினுங்குதுன்னு ஆக்கள் சொல்றாங்க. முக்கால்வாசி மினுக்கம் கோட்டிங்குக்கு முன்னால நாங்க பண்ற கட் அன் பொலிஷால வாறது." பழைய காரில் இருக்கும் சிலந்திவலை மாதிரியான மெல்லிய கீறல்களை மெஷினால் தேய்த்து எடுத்த பிறகுதான் கோட்டிங் பூசுவார்கள். தேய்க்காமல் பூசினால் அந்தக் கீறல்களும் உள்ளே அப்படியே இருந்து தெரியும். தேய்ப்பது என்றால் என்ன? க்ளியர் கோட்டில் சில மைக்ரோனைச் சுரண்டி எடுப்பது. அரைத் தாள்தான் இருக்கிறது என்று சொன்னேனே, அதில் இருந்து. முன்னைய சொந்தக்காரர்கள் எத்தனை தடவை பொலிஷ் பண்ணினார்களோ யாருக்குத் தெரியும்? வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தக் க்ளியர் கோட்தான். அது மெலிந்தால் கூரையிலும் பொனட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரியத் தொடங்கும். அப்படி உரியத் தொடங்கிய காருக்கு எந்தக் கோட்டிங் அடித்தும் பிரயோசனம் இல்லை, மறுபடி பெயின்ட்தான் அடிக்க வேண்டும். ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் கோட்டிங்குக்குச் சம்மதிப்பதற்கு முன் பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் மெஷினைக் கையில் எடுப்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய ஒரு பிரச்சினை. கோட்டிங் பூசிய பிறகு குறைந்தது ஒரு நாளாவது கார் நனையக் கூடாது என்பார்கள். ஒரு கிழமைக்குச் சவர்க்காரம், ஷெம்பு போட்டுக் கழுவக் கூடாது. இறுகும் காலம் அது. பதுளையில் அடித்துக்கொண்டு பின்னேரம் மடுல்சீமைக்கு ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை. மற்ற மாதங்களிலும் நாலு மணிக்குப் பிறகு மூடுபனி வந்து வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. அந்த ஈரத்தில் திறந்த வெளியில் பூசினால் சில இடம் சீக்கிரம் இறுகித் திட்டுத் திட்டாகத் தெரியும். இறுகும் முன் விழுந்த மழைத்துளி வட்ட வட்டமாகத் தடம் விடும். ஆகவே அடிப்பதென்றால் கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில், மூடிய இடத்தில், காரை ஒரு இரவாவது அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று, நம்முடைய கார்களை எது அழிக்கிறது? கொழும்பில் கார் வைத்திருப்பவருக்கு வெயிலும் கடற்காற்றும் பிரச்சினை. நமக்கோ சேறும் கல்லும் பள்ளமும் பிரச்சினை. தோட்டப் பாதையில் அடிப்பக்கம் உரசாமல் போகும் நாள் எது? சேறு சில்லுக் குழிக்குள் அப்பிக்கொண்டு நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கிறது. உர லொறியில் இருந்து சிந்தும் பொட்டாஷ் ஒரு வகை உப்பு, இரும்பை அரிக்கும். கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் போடும் காலத்தில் வெள்ளைத் தூள் பறந்து வந்து காரெல்லாம் படிகிறது. அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிக் கீறும். துரு மேலிருந்து கீழே வருவதில்லை, கீழிருந்துதான் மேலே ஏறுகிறது. கதவின் அடிவிளிம்பு, சில்லுக் குழியின் உதடு, தகடுகள் பொருந்தும் ஒட்டு, இவைதான் முதலில் போகும் இடங்கள். செரமிக் கோட்டிங் பூசப்படுவது கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில். மச்சான் இதை ஒரு வரியில் சொல்வார்: "வெளியால மினுங்கும், கீழால உக்கும்."

இதையெல்லாம் அவனுக்குச் சொன்ன பிறகு காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தோம். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியே ஆக வேண்டும் என்று அர்த்தம். அவனுடைய டயர் அந்த மேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். தெரியாது என்றான். முன் லைட் இரண்டும் மஞ்சளடித்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தன.

பிரேக் ஒயில் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அது காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை இருக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறிய பிறகு அதே நியமம் 140 பாகை வரை அனுமதிக்கிறது. மடுல்சீமையில் இருந்து பசறைக்கு இறங்கும் பாதையில் முடக்குக்கு முடக்கு பிரேக் மிதித்துக்கொண்டு போனால் பிரேக் எவ்வளவு சூடாகும்? ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும். அப்போது மிதித்தால் கால் பஞ்சில் மிதித்த மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்த ஒயிலை மாற்றுவது செரமிக்கோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு இறங்குவதற்குச் செலவே இல்லை.

2021 மார்ச் 20ஆம் திகதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். லுணுகலையில் இருந்து விடியப்புறம் கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 உயிர்கள். அந்த விபத்துக்கான காரணத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. நாம் ஓடும் பாதை எப்படிப்பட்டது, ஓரம் எவ்வளவு ஆழம், ஒரு சின்னத் தவறுக்கு இங்கே என்ன விலை என்பதை நினைவூட்டத்தான் சொன்னேன். ஹயர் ஓடுகிறவர் மற்றவர்களுடைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த ஓரத்தால் போகிறார். எங்கள் மார்க்கத்தில் அமானத் என்று ஒரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அர்த்தம். ஏறி உட்கார்ந்த ஒவ்வொரு பயணியும் சாரதியின் கையில் ஒரு அமானத். அதைப் போலவே இஸ்ராஃப் என்ற சொல்லும் உண்டு. வீண்விரயம். அழகுக்குச் செலவழிப்பது எல்லாம் வீண்விரயம் ஆகாது. அவசியமான செலவு காத்திருக்கும்போது அதைத் தள்ளிவைத்துவிட்டு அழகுக்குச் செலவழித்தால் அதுதான் வீண்விரயம் என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அவனுடைய அம்மா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மைக்ரோன், க்ளியர் கோட், 9 எச் என்று நான் நீட்டி முழக்கியதெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சேர், அதப் பூசுனா மழையில வண்டி வழுக்காம நிக்குமா?"

"இல்லைங்கம்மா, அதுக்கு டயர்தான் மாத்தணும்" என்றேன்.

"அப்ப டயர மாத்தட்டும். மினுக்கத்த பொறகு பாத்துக்கலாம்" என்றார்.

அவன் சும்மா தலையாட்டவில்லை. அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "வெளியூரு பார்ட்டி வண்டியப் பாத்துத்தான் சேர் கூப்பிடுறாங்க. வண்டி அசிங்கமா இருந்தா பக்கத்துல நிக்கிற வண்டிக்குப் போயிருவாங்க" என்றான். இதைத் தட்டிவிட முடியாது. ஹயர் தொழிலில் வாகனத்தின் தோற்றமும் ஒரு முதலீடுதான். ஆனால் பயணிக்குச் செரமிக் தெரியாது. சுத்தம் தெரியும். சேறு இல்லாத வெளிப்பக்கம், மணக்காத சீட், தெளிவான கண்ணாடி, இவற்றைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அதை 85,000 ரூபா இல்லாமலே செய்யலாம்.

கடைசியில் அவன் எடுத்த முடிவு இது. புது டயர் இரண்டு வாங்கினான். புது டயரைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயரை முன்னால் மாற்றச் சொன்னேன். ஈர முடக்கில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரணச் சாரதியால் பிடித்து நிறுத்துவது கடினம் என்பதுதான் காரணம். பிரேக் ஒயில் மாற்றி, பிரேக் பேட் பார்த்துக்கொண்டான். அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவைத்து, துருவைச் சுரண்டி அன்டர்கோட் அடித்தான். இதில் கழுவிக் காயவைப்பது முக்கியம். ஈரத்தின் மேல் அன்டர்கோட் அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். முன் லைட் இரண்டையும் தேய்த்துத் தெளிவாக்கி மேலே பாதுகாப்புப் பூச்சுப் போட்டார்கள். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் ஒட்டாத திரவம் ஒரு போத்தல் வாங்கினான். உண்மையைச் சொன்னால், மூடுபனியில் ஓடும் நமக்குப் பூச்சு ஏதாவது அவசியம் என்றால் அது லைட்டுக்கும் கண்ணாடிக்கும்தான். மிச்சக் காசை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

மற்றவர்களுக்கு என் கணக்கு இதுதான். புதுக் கார் அல்லது பெயின்ட் நல்ல நிலையில் உள்ள கார், கடும் நிறம், ஐந்தாறு வருடம் விற்கும் எண்ணம் இல்லை, டயரும் பிரேக்கும் ஒழுங்காக இருக்கின்றன, கடன் வாங்காமல் கொடுக்கக் காசு இருக்கிறது, நீங்களே ஒழுங்காகக் கழுவுவீர்கள். இத்தனையும் சரி என்றால் தாராளமாக அடியுங்கள். கழுவும் வேலை குறையும், பார்க்கவும் சந்தோஷமாக இருக்கும். அடிக்கும் முன் உத்தரவாதக் கடதாசியை வாசியுங்கள். வருடா வருடம் காசு கட்டிப் பரிசோதனைக்கு வர வேண்டும், வராவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல இடங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்வரும் ஒரு நாளையும் கணக்கில் சேருங்கள். இத்தனை வருடம் இருக்கும் என்று சொல்வதும் நீங்கள் கழுவும் விதத்தைப் பொறுத்தது. காட்டமான கார இரசாயனத்தை அடித்து ஒயில் அழுக்கை எடுக்கும் இடத்தில் மாதாமாதம் கழுவினால் எந்தக் கோட்டிங்கும் சொன்ன காலம் நிற்காது.

விற்கும்போது கூட விலை கிடைக்கும் என்பதற்காக அடிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது விபத்தில் அடிபட்ட காரா, ஒரிஜினல் பெயின்ட்டா, துரு இருக்கிறதா, சேர்விஸ் பதிவு இருக்கிறதா என்பதைத்தான். பெயின்ட்டை நல்லபடி காப்பாற்றியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதைச் செரமிக்கால் காப்பாற்றினீர்களா, கையால் காப்பாற்றினீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கையால் காப்பாற்றுவது எப்படி? முதலில் வெறும் தண்ணீரை நன்றாக அடித்து மண் முழுவதையும் கழுவி விடுங்கள். மண் போகும் முன் துணி படக் கூடாது. இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் கார் ஷெம்பு, மற்றதில் துணியை அலசும் தண்ணீர். கோப்பை கழுவும் திரவமும் உடுப்புச் சவர்க்காரமும் வேண்டாம், வெக்ஸை உரித்துவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சில்லுப் பக்கத்துக்கு வேறு துணி. சில்லுக் குழிக்குள் ஹோஸைப் பிடித்து அப்பியிருக்கும் சேற்றை உடைத்து எடுங்கள். துடைக்க மைக்ரோஃபைபர் துணி, பழைய சாரம் வேண்டாம். நம் மலைப் பீலித் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, சுண்ணாம்பு குறைந்தது. காய்ந்தால் வெள்ளைத் தழும்பு அதிகம் விழாது. இந்த விடயத்தில் கீழ்ப்பகுதிக் கிணற்று நீர்க்காரர்களைவிட நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் குடிக்கும் பீலிக்கு மேலே வாகனத்தை நிறுத்திக் கழுவாதீர்கள். கீழே லயத்தில் அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு டப்பா வெக்ஸ் பூசினால் போதும், தண்ணீர் அதிலும் உருண்டு ஓடும்.

அந்தப் பையன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் சின்ன உலக முடிவுக்கு ஆள் ஏற்றிப் போகிறான். கறுப்பு வண்டி, கிட்டப் போய்ப் பார்த்தால் சிலந்திவலைக் கீறல் தெரியத்தான் செய்கிறது. ஒரு வருடம் ஓடி, லீசிங் ஒழுங்காகக் கட்டி, கையில் காசு மிஞ்சினால் காய்ந்த மாதம் பார்த்துக் கோட்டிங் அடிக்கப்போவதாகச் சொல்கிறான். அப்போது மறுபடி கேட்டால் சரி என்றுதான் சொல்வேன்.

மழைக்காலம் தொடங்கப் போகிறது. இதை வாசித்து முடித்ததும் வெளியே போய் உங்கள் டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன மேட்டைப் பாருங்கள். இறைவன் நம் எல்லோரையும் பாதையில் பாதுகாப்பானாக.